மணிக்கு மூன்று வயது

போன வாரம் தீபா போன் பண்ணினாள். உத்திரமேரூரில் நான் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்த இன்சூரன்ஸ் கிளையில், இப்போது என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள். வீட்டில் லாப்ரடார் குட்டி வாங்கியிருக்கிறார்களாம். அதற்கு இன்சூரன்ஸ் எடுக்கலாமா, கட்டுகிற காசுக்கு அது பெறுமா, ஒரே வார்த்தையில் சொல்லுங்கள் சார் என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாளெல்லாம் எதிரே வந்து உட்காருகிறவர்களிடம் நாய்க்குப் பாலிசி எடுங்கள், அதுவும் குடும்பத்தில் ஒருவர்தானே என்று உருகி உருகிப் பேசுகிறவள் அவள். கேட்டால், "விக்கிறது வேற, வாங்குறது வேற சார்" என்கிறாள். இதில் அவள் சாமர்த்தியத்தைப் பாராட்டத்தான் வேண்டும். நாய் விஷயத்தில் நீங்கள்தான் அனுபவஸ்தர் என்று ஆபீசில் எல்லோரும் சொல்கிறார்கள் என்றும் சேர்த்துக்கொண்டாள். என் சர்வீசில் நான் வாங்கிய ஒரே மெமோ ஒரு நாயால் வாங்கியது. அதைத்தான் அந்தப் பெண் அனுபவம் என்கிறாள்.

ஒரே வார்த்தையில் பதில் சொல்கிற பழக்கம் எங்கள் தொழிலில் கிடையாது. சொல்லக்கூடிய ஒரே வார்த்தை "இல்லை". அதையும் மூன்று பக்கக் கடிதமாகத்தான் அனுப்புவோம். அதனால் எழுதியே தருகிறேன் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது மாட்டுக்கு முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்பதுவரை தெரியும். மீதியை மாடுகளே கற்றுக்கொடுத்தன. கறவை மாட்டு இன்சூரன்ஸ்தான் எனக்குக் கொடுத்த பிரிவு. பாலிசி போடும்போது மாட்டின் காதில் எண் போட்ட ஒரு வில்லையை மாட்டுவோம். மாடு செத்துப்போனால் அந்த வில்லையோடு காதை அறுத்து எடுத்துக்கொண்டு வரவேண்டும். காது இல்லையென்றால் காசு இல்லை. வீட்டில் மாடு செத்து அழுதுகொண்டிருப்பார்கள், நான் போய் நின்று முதலில் கேட்பது "காது எங்கே?" என்பதாகத்தான் இருக்கும். சுற்றுவட்டாரத்தில் எனக்குக் "காது சார்" என்று பெயர் வைத்துவிட்டார்கள். பழையசீவரத்திலிருந்து ஒரு பெரியவர் ஒருமுறை டிபன் கேரியரில் காதைப் போட்டு மூடி, மத்தியானம் ஒரு மணிக்குக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். எங்கள் கேஷியருக்கும் அதே மாதிரி ஒரு கேரியர் இருந்தது. அன்றைக்கு ஆபீசில் யாரும் சாப்பிடவில்லை.

அடுத்தது பல். மாட்டின் வயதைச் சொந்தக்காரர் வாயால் கேட்டு எழுதக்கூடாது, மாட்டின் வாயைப் பார்த்து எழுதவேண்டும். கீழ்த்தாடையில் பால் பல் விழுந்து எத்தனை புதுப்பல் முளைத்திருக்கிறது என்று எண்ணுவோம். இரண்டு பல், நாலு பல், ஆறு பல், எட்டுப் பல். விண்ணப்பத்தில் "பல் பார்த்து வயது சரிபார்க்கப்பட்டது" என்று ஒரு கட்டம் இருக்கும். பார்த்துவிட்டு டிக் போட்டுக் கையெழுத்துப் போடவேண்டும். ஆயிரக்கணக்கான வாய்களைத் திறந்து பார்த்திருக்கிறேன். அதில் வீரம் ஒன்றுமில்லை. மாட்டுக்கு மேல்வரிசையில் முன்பல்லே கிடையாது, நினைத்தாலும் அதனால் கடிக்க முடியாது.

நாய்க்கு இரண்டு வரிசையும் உண்டு. வேலையில் சேர்ந்த புதிதில் திருப்புலிவனத்தில் ஒரு நாய் என் கெண்டைக்காலைப் பிடித்துத் தொங்கியது. அந்தக் காலத்து ஊசியைத் தொப்புளைச் சுற்றிப் போடுவார்கள், எல்லாவற்றையும் போட்டுக்கொண்டேன். அதற்குப் பிறகு தெருமுனையில் நாய் படுத்திருந்தால் வண்டியைத் திருப்பி அடுத்த தெரு வழியாகப் போகிறவன் நான். இது வீட்டில் என் மனைவிக்கும், ஆபீசில் பியூன் முருகேசனுக்கும் மட்டும் தெரிந்த ரகசியம். அதாவது ஊருக்கே தெரியும்.

என் கடைசி ஐந்து வருஷம் மேனேஜராக இருந்தவர் சுகந்தி மேடம். என்னைவிட எட்டு வயது சின்னவர். குரலை உயர்த்தி ஒரு நாளும் பேசியதில்லை, அதுதான் பயம். கள ஆய்வு அறிக்கையை அவர் பேனாவில் எழுதவிடமாட்டார். அவர் மேஜையில் சீவிய பென்சில்கள் வரிசையாக இருக்கும். ஒன்றை எடுத்து நம் கையில் கொடுப்பார். பென்சிலில் எழுதி அவர் எதிரில் உட்கார்ந்து சத்தமாகப் படிக்கவேண்டும். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நிறுத்தி, "பாத்தீங்களா, கேட்டீங்களா?" என்பார். பார்த்தேன் என்றால் வாக்கியம் பிழைக்கும். கேட்டேன் என்றால் ரப்பரை எடுத்துத் தானே அழித்துவிடுவார், துகளை ஊதிவிடுவார். கடைசியில் ஒரு பக்க அறிக்கையில் நாலு வரி மிஞ்சும். அதற்குப் பிறகுதான் பேனா. இருபத்தாறு வருஷ சர்வீஸ்காரனை ஒண்ணாம் வகுப்புப் பையனாக்குகிறாரே என்று ஆரம்பத்தில் எனக்குக் கடுப்பாக இருந்தது. ஆனால் அவர் அனுப்பிய அறிக்கையை மண்டல அலுவலகம் ஒருமுறைகூடத் திருப்பி அனுப்பியதில்லை.

நான் ஓய்வு பெறுவதற்கு ஒரு வருஷம் இருக்கும்போது மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. இனி நாய்க்கும் பாலிசி உண்டு, நாட்டு நாய் உட்பட. ஒவ்வொரு கிளையும் பத்துப் பாலிசி பிடிக்கவேண்டும். கால்நடைப் பிரிவு என்பதால் அது என் தலையில் விழுந்தது. ஆண்டவனுக்குக் கிண்டல் ஜாஸ்தி.

ஊரில் வசதியாக நாய் வளர்க்கிறவர்களைத் தேடிப்போனேன். ஒரு அரிசி மில்லில் ஜெர்மன் ஷெப்பர்ட் இருந்தது. கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டே விளக்கினேன். நாய்க்கு ஆபரேஷன் என்றால் செலவு தருவோம், நாய் யாரையாவது கடித்து நஷ்டஈடு கேட்டால் அதற்கும் தருவோம் என்றேன். மில்காரர் யோசித்துவிட்டு, திருடனைக் கடித்தால் திருடனுக்கு நீங்கள் காசு கொடுப்பீர்களா என்று கேட்டார். இப்படியே மூன்று மாதத்தில் மூன்று பாலிசிதான் தேறியது.

நாலாவது பாலிசி பச்சையம்மாளுடையது. மானாம்பதி ஏரிக்கரைப் பக்கம் குடியிருப்பவர். சொந்தமாகக் காணி நிலம் கிடையாது, நடவு, களையெடுப்பு, நூறு நாள் வேலை, அதோடு ஏழு ஆடு. கணவர் தவறி வெகுநாளாகிறது. மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டார். ஏழு ஆட்டுக்கும் என்னிடம்தான் இன்சூரன்ஸ். முன்பு ஒரு ஆடு செத்தபோது சீக்கிரமே பணம் வாங்கிக்கொடுத்தேன், அதில் என்மேல் நம்பிக்கை. ஆட்டுக்குப் புதுப்பிக்கப் போன அன்றைக்கு, நாய்க்கும் உண்டு என்று சும்மா வாய்தவறிச் சொல்லிவைத்தேன். அந்த அம்மா உடனே "மணிக்கும் போடுங்க சார்" என்றார். இரண்டு நாள் கூலியை எடுத்து நீட்டினார். எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது. ஆனால் டார்கெட் இருக்கிறதே.

மணி வேலியோரம் படுத்திருந்தது. செவலை, ஆண். ஆடுகளுக்கு அதுதான் காவல். அதன் தடுப்பூசிக் கார்டை எடுத்துவந்து கொடுத்தார். வயது என்ன என்று கேட்டேன், மூன்று என்றார். எழுதிக்கொண்டேன். அடுத்து அந்தக் கட்டம் வந்தது, பல் பார்த்துச் சரிபார்க்கப்பட்டது. நான் மணியைப் பார்த்தேன். மணி எழுந்து உட்கார்ந்து என் கெண்டைக்காலைப் பார்த்தது. நான் டிக் போட்டுக் கையெழுத்தும் போட்டேன். கார்டைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் நகலெடுத்து விண்ணப்பத்தோடு இணைத்துவிட்டேன்.

நாலாவது மாதம் மணியின் பின்னங்காலில் ஒரு பைக் ஏறிவிட்டது. எலும்பு இரண்டாக உடைந்து தோலுக்கு வெளியே தெரிந்ததாம். பச்சையம்மாள் அதைக் கோணியில் சுற்றி ஆட்டோவில் போட்டு, செங்கல்பட்டில் நாய்களுக்கென்று இருக்கும் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார். பிளேட் வைத்து ஆபரேஷன். பணம் முதலில் கட்டவேண்டும், பில்லைக் கொடுத்து எங்களிடம் பிற்பாடு வாங்கிக்கொள்ள வேண்டும். அதற்காக இரண்டு ஆட்டை விற்றார். ஒரு வார்த்தை என்னைக் கேட்கவில்லை. பில்களை மஞ்சள் பையில் போட்டு எடுத்துவந்து, "எப்ப சார் வரும்?" என்று மட்டும் கேட்டார். ஒரு மாதத்தில் வந்துவிடும் என்று பெரிய மனுஷன் மாதிரி சொன்னேன்.

ஒரு மாதத்தில் பணம் வரவில்லை, கடிதம் வந்தது. மண்டல அலுவலகத்தில் யாரோ ஒரு புண்ணியவான் அந்தக் கார்டு நகலைப் பிரித்துப் படித்திருக்கிறார். விண்ணப்பத்தில் நாயின் வயது மூன்று. கார்டில் அதே மணிக்கு முதல் வெறிநாய்த் தடுப்பூசி போட்டு ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. வயதான நாய்க்குப் பாலிசி கிடையாது. ஆகவே சொந்தக்காரர் வயதை மறைத்துப் பொய் சொல்லியிருக்கிறார், பணத்தை மறுக்க உத்தேசம். பொய்யான விவரம் என்று முடிவானால் அதே பெயரில் இருக்கும் மற்றப் பாலிசிகளும் ரத்தாகும். அதாவது மீதி ஐந்து ஆடுகளுக்கானதும். பல் பார்த்ததாகக் கையெழுத்திட்ட அலுவலர் விளக்கம் தரவேண்டும்.

நான் வண்டியை எடுத்துக்கொண்டு மானாம்பதிக்குப் பறந்தேன். பச்சையம்மாளிடம் கார்டைக் காட்டிக் கோபமாகவே கேட்டேன். அவருக்கு நான் கேட்பதே புரியவில்லை.

"அது பழைய மணி சார். அது செத்து மூணு வருசமாச்சி. அப்பால இத எடுத்தாந்தேன், இதுவும் மணிதான். கார்டுல எடம் கீது இல்ல, இன்னாத்துக்கு வீண் பண்ணணும்னு அதுலயே ஊசி போட்டுக்கினு வந்தேன்."

எங்கள் பக்கத்தில் நாய்க்கு மணி என்று பேர் வைப்பார்கள், அது செத்தால் அடுத்து வருகிற நாயும் மணிதான். என் மாமனார் வீட்டில் நான் பார்க்க நாலு மணி இருந்தது. ரேஷன் கார்டு மாதிரி அது வீட்டுக் கார்டு, ஆள் மாறினாலும் ஓடிக்கொண்டிருக்கும். தெருவில் இன்னும் நாலு வீட்டுக் கார்டை வாங்கிப் பார்த்தேன். ஒரு வீட்டு நாய்க்குக் கார்டுப்படி பத்தொன்பது வயது, குட்டியாக என் செருப்பைக் கடித்துக்கொண்டிருந்தது.

இதில் தப்பு யாருடையது என்று யோசிக்கவே வேண்டாம். அன்றைக்கு ஒரு நிமிஷம் மணியின் வாயைப் பார்த்திருந்தால், கார்டை ஒரு தரம் பிரித்திருந்தால், அங்கேயே தெரிந்திருக்கும். நான் பார்க்கவில்லை. ஆனால் பார்த்தேன் என்று கையெழுத்து இருக்கிறது. ஓய்வு பெற நாலு மாதம். திரும்பி வரும் வழியெல்லாம் என் மூளை என்னென்னவோ வேலை செய்தது. சொந்தக்காரர் தவறான கார்டைக் கொடுத்து என்னைத் திசைதிருப்பிவிட்டார் என்று ஒரு வரி எழுதினால் போதும், என் தலை தப்பும். பச்சையம்மாள் கேஸ் போடப்போகிறாரா என்ன. இதை எழுத இப்போதும் வெட்கமாக இருக்கிறது, ஆனால் நினைத்தேன்.

சுகந்தி மேடம் கடிதத்தைப் படித்துவிட்டு எனக்கு ஒரு பென்சிலைக் கொடுத்தார். நான் எழுதிக்கொண்டு போய்ப் படித்தேன். சொந்தக்காரர் கொடுத்த ஆவணத்தில் முன்பிருந்த நாயின் விவரங்கள் இருந்தன என்றேன். பாத்தீங்களா என்றார். பார்த்தேன், கார்டு இருக்கிறது என்றேன். தலையாட்டினார். அடுத்து, பாலிசி வழங்கும்போது பல் பார்த்து வயது மூன்று என உறுதி செய்தேன் என்று படித்தேன்.

"பாத்தீங்களா, கேட்டீங்களா?"

வெளியே முருகேசன் ஸ்டாம்ப் குத்திக்கொண்டிருந்த சத்தம் நின்றுவிட்டது. அவனுக்குக் காது பாம்புக் காது. மேடம் ரப்பரை எடுக்கவில்லை, காத்திருந்தார். கடைசியில் கேட்டேன் மேடம் என்றேன். ஏன் பார்க்கவில்லை என்றார். நாய் என்றால் எனக்குப் பயம் மேடம் என்றேன். ஐம்பத்தொன்பது வயதில் ஒரு மனுஷன் சொல்கிற வாக்கியமா அது. அவர் சிரிக்கவில்லை. அந்த வரியை அழித்தார், துகளை ஊதினார்.

"அப்ப இன்னைக்குப் போய்ப் பாத்துட்டு வாங்க. பயந்து பாக்கலன்னும் எழுதுங்க. அத நான் அழிக்க மாட்டேன்."

மானாம்பதிக்கு அரசு கால்நடை டாக்டரையும் கெஞ்சிக் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் பார்த்துச் சான்று எழுதினால் போதாதா என்று எனக்கு ஒரு கடைசி நப்பாசை. ஆனால் அறிக்கையில் பார்த்தேன் என்று எழுதப்போகிறவன் நான். மணி காலில் கட்டோடு படுத்திருந்தது. வலியில் இருக்கிற நாய். டாக்டர் பார்த்து முடித்துவிட்டு எனக்காக நகர்ந்து கொண்டார். பச்சையம்மாள் மணியின் தலையை மடியில் வைத்து, இரண்டு கையாலும் உதட்டை விரித்துக் காட்டினார். நான் ஒரு கஜ தூரத்தில் குனிந்தேன்.

"அங்கயிருந்து இன்னா சார் தெரியும். கிட்ட வாங்க, கடிக்காது."

கடித்தால் என்று கேட்டேன்.

"உங்களுக்கு இன்சூரன்ஸ் இல்லியா சார்?"

டாக்டர் திரும்பி நின்று சிரித்தார். நான் மண்டியிட்டுப் போனேன். மணியின் மூச்சு என் கையில் பட்டது. கீழ் முன்பற்கள் வெள்ளையாக இருந்தன, நுனி மட்டும் லேசாகத் தேய்ந்திருந்தது, கோரைப்பற்கள் கூர் மழுங்காமல் இருந்தன. கிழட்டு நாயென்றால் முன்பல் மொத்தமும் தேய்ந்து பழுப்பேறியிருக்கும் என்று டாக்டர் விளக்கினார். மூன்று, மிஞ்சினால் நாலு என்று எழுதிக் கையெழுத்திட்டார். மணி என்னைப் பார்த்து உறுமக்கூட இல்லை, என் கையை ஒரு தரம் முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. இத்தனை நாள் நான் பயந்ததற்கு ஒரு மரியாதைக்காவது அது உறுமியிருக்கலாம்.

அறிக்கை ஐந்து வரி வந்தது. பாலிசி வழங்கும்போது பயத்தால் பல் பார்க்கவில்லை என்பது முதல் வரி. தெருவில் பார்த்த நாலு கார்டுகளின் நகலையும் மேடம் இணைத்தார், கூடவே இந்த ஊரில் கார்டு வீட்டுக்குத்தான், நாய்க்கு அல்ல என்று தன் கையால் ஒரு குறிப்பு. மூன்று மாதம் இழுத்தடித்தார்கள். இடையில் இரண்டு தடவை பச்சையம்மாள் ஆபீசுக்கு வந்து, ஒன்றும் கேட்காமல் பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். அவர் கேட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். முடிவில் பில்லில் முக்கால் பங்கு வந்தது. பொய் என்ற பேச்சை விட்டார்கள், ஆட்டுப் பாலிசியும் பிழைத்தது. எனக்கு மெமோ வந்தது. கடமையில் கவனக்குறைவு, எதிர்காலத்தில் திருத்திக்கொள்ளவும் என்று இருந்தது. எனக்கு மூன்று வாரம்தான் எதிர்காலம் மிச்சமிருந்தது.

பணம் வந்த கடிதத்தைக் கொடுக்க நானே போனேன். மணி மூன்றரைக் காலில் ஆடுகளோடு போய்க்கொண்டிருந்தது. விற்ற ஆடு இரண்டுக்கு இந்தப் பணத்தில் ஒன்றுதான் வரும், அதுவும் சின்னதாக. எனக்கு மனசு கேட்கவில்லை. அந்த அம்மாவை உட்காரவைத்து உள்ளதைச் சொன்னேன். அடுத்த வருஷம் கட்டணம் கூடும், அந்தக் காலுக்கு இனி எதுவும் தரமாட்டார்கள், இரண்டு நாள் கூலி போட்டு நாய்க்குப் பாலிசி எடுக்கிறது உங்களுக்குக் கட்டுப்படியாகாது, ஆட்டுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். முப்பத்தோரு வருஷத்தில் பாலிசி வேண்டாம் என்று நான் வாய்திறந்து சொன்னது அது ஒரு தரம்தான். தீபா, உனக்கும் கணக்கு அதேதான். கூட்டிக் கழித்தால் லாபம் எங்கள் பக்கம்தான் நிற்கும், அதற்குத்தானே கம்பெனி.

பச்சையம்மாள் நான் சொன்னதையெல்லாம் கேட்டார். பிறகு முந்தானையிலிருந்து மணியின் அடுத்த வருஷக் கட்டணத்துக்கான பணத்தை எடுத்து என் முன்னால் வைத்தார். நான் சொன்னது புரியவில்லையோ என்று மறுபடி ஆரம்பித்தேன். புரிந்தது என்று கையமர்த்தினார்.

"கால் ஒடைஞ்ச அன்னிக்கி தெருவே நின்னுச்சி சார். தெரு நாய்க்கு ஆஸ்பத்திரியா, உனுக்கு இன்னா பைத்தியமா, ஏரிக்கரையில வுட்டுட்டு வேற நாய் எடுத்துக்கோன்னாங்க. ஆட்டோக்காரன் ஏத்த மாட்டேன்னான். இதுக்கு இன்சூரன்ஸ் கீதுன்னு சொன்னேன். அல்லாரும் வாய மூடிக்கினாங்க, அவனே கோணிய புடிச்சி ஏத்தினான். மில்லுக்காரரு நாய் மேல ஆச வெச்சா அது அந்தஸ்து, நாங்க வெச்சா பைத்தியம். அன்னிக்கி ஒரு நாள் நான் பைத்தியம் இல்ல சார். அதுக்கு இந்தப் பணம் ஜாஸ்தி இல்ல, எய்திக்கோங்க."